நெல்லைச் சீமையில் ஜிம் நடத்துகிறவர்களுக்கு: எதை முதலில் வாங்குவது, எதைத் தள்ளிப்போடுவது

பாளையங்கோட்டையிலோ தென்காசியிலோ ஜிம் போட இடம் பார்த்தாயிற்று என்று தெரிந்த மறுநாளே இயந்திரக் கம்பெனிக்காரர் விலைப்பட்டியலோடு வந்து நிற்பார். முதல் வரியில் டிரெட்மில் இருக்கும். கடைசி வரியில், பொடி எழுத்தில், 'மென்பொருள் இலவசம்' என்று இருக்கும். அந்தப் பட்டியலைக் கீழிருந்து மேலாகப் படிக்கிறவருக்குத்தான் கடை நிற்கும். காரணம் வெறும் கணக்கு.

மாதம் 20 பேர் புதிதாகச் சேருகிறார்கள் என்று வையுங்கள். மாதாமாதம் நூற்றுக்குப் பத்துப் பேர் நின்றுபோனால், என்ன செய்தாலும் உங்கள் ஜிம் 200 பேரைத் தாண்டாது. 200-இல் பத்து சதவீதம் 20; வருகிறவரும் போகிறவரும் சமமாகிவிடுகிறார்கள். நின்றுபோகிறவர்கள் 8 சதவீதமானால் 250 பேர் வரை வளரும், 5 சதவீதமானால் 400 வரை. வாடகை அதேதான், ராடு, பிளேட்டு எல்லாம் அதேதான். பிளெக்ஸ் போர்டும் ரீல்ஸும் அந்த 20 என்ற எண்ணை மட்டுமே அசைக்கும். இந்தத் தொழிலில் புதிதாக வரும் எந்தத் தொழில்நுட்பத்தையும் ஒரு கேள்வி கேட்டுத்தான் உள்ளே விட வேண்டும்: மூன்றாவது மாதம் நின்றுபோகிற ஆளை இது தக்கவைக்குமா?

அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி என்ற அமைப்பு ஆண்டுதோறும் உடற்பயிற்சித் துறையின் போக்குகளைப் பட்டியலிடுகிறது. 2025-க்கான பட்டியலில் முதலிடம் உடலில் அணியும் கருவிகளுக்கு, இரண்டாமிடம் செல்போன் செயலிகளுக்கு, மூன்றாமிடம் முதியோருக்கான பயிற்சிக்கு. முதல் இரண்டையும் விற்க உங்களிடம் ஆள் வருவார்கள். மூன்றாவதை நீங்கள்தான் தேடிப் போக வேண்டும். நம் பக்கத்தில் காசு அதில்தான் இருக்கிறது.

வருகைப் பதிவு

நூறு உறுப்பினர் வரை கூகுள் ஷீட்டே போதும். பெயர், செல் எண், பிறந்த வருடம், சேர்ந்த தேதி, கட்டணம் முடியும் தேதி, கடைசியாக வந்த தேதி, வரும் நேரம், உடல்நலக் குறிப்பு, யார் சொல்லி வந்தார் என்று ஒன்பது கட்டங்கள். இவற்றில் உயிர் 'கடைசியாக வந்த தேதி'. இன்றைய தேதியிலிருந்து அதைக் கழிக்கும் சூத்திரத்தைப் பக்கத்துக் கட்டத்தில் போட்டு, 7 நாளைத் தாண்டினால் மஞ்சள், 14 நாளைத் தாண்டினால் சிவப்பு என்று நிறம் மாறும்படி வையுங்கள். தினமும் பகல் 12 மணிக்கு, கூட்டம் இல்லாத நேரத்தில், ஒருவர் அதைத் திறந்து பார்க்க வேண்டும்.

மஞ்சளுக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவு, அதுவும் அவருக்குப் பயிற்சி கொடுத்தவரின் குரலில். சிவப்புக்குப் போன். "அண்ணாச்சி, ஒரு வாரமா காணோமே, உடம்புக்கு ஒண்ணும் இல்லைல்லா?" என்பதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். அதே போனில் கட்டண பாக்கியைக் கேட்டால், அந்த எண்ணை அவர் இனி எடுக்க மாட்டார். தானாகப் போகும் 'அன்புள்ள உறுப்பினரே' குறுஞ்செய்தியை யாரும் படிப்பதில்லை. வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேரைத்தான் சேர்க்க முடியும். உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்திருப்பவர்களுக்கு மட்டுமே அந்தச் செய்தி போய்ச் சேரும். ஆகவே சேரும் அன்றே, கல்லாவில் நிற்கும்போதே, எண்ணைச் சேமிக்கச் சொல்லிவிடுங்கள்.

நூறைத் தாண்டியதும் கட்டண மென்பொருள் வாங்கலாம். வாங்குமுன் கேட்க வேண்டியது: நம் பதிவுகள் முழுவதையும் எக்செல் கோப்பாக எடுக்க முடியுமா? (முடியாது என்றால் அந்த இடத்திலேயே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், ஒரு வருடம் கழித்து வேறு மென்பொருளுக்கு மாறவே முடியாது.) நெட் போனாலும் வருகையைப் பதியுமா? வேலையாளுக்குத் தனி நுழைவு உண்டா, போட்ட ரசீதை அவரால் அழிக்க முடியாதபடி பூட்ட முடியுமா? கட்டணத்தை இடைநிறுத்தி வைக்கும் வசதி உண்டா?

கடைசிக் கேள்வி நம் ஊருக்கு மிக முக்கியம். கார்த்திகை பிறந்தால் மாலை போட்டவர்களில் பலர் தை வரை வர மாட்டார்கள். மேலப்பாளையத்தில் ரமலான் மாதம் முழுக்கக் காலை நேரம் காலியாக இருக்கும். பிசான நடவு, அறுப்பு, மார்ச் மாதப் பரீட்சை, குற்றாலத்துச் சீசன் என்று ஒவ்வொன்றும் ஆளைப் பிரிக்கும். 'ரெண்டு மாசக் காசு போச்சே' என்ற எண்ணம் வந்தவர் திரும்பவும் வர மாட்டார். வருடத்துக்கு 30 நாள், இரண்டு தவணைக்கு மேல் இல்லை, போகுமுன் வாட்ஸ்அப்பில் ஒரு வரி சொல்ல வேண்டும் என்று விதி வைத்து இடைநிறுத்தம் கொடுங்கள். சொல்லாமல் போய்விட்டு வந்து கேட்பவருக்கு இல்லை என்பதிலும் உறுதியாக இருங்கள். ஒருவருக்குத் தளர்த்தினால் சாயங்காலத்துக்குள் எல்லாருக்கும் தெரிந்துவிடும். மேலப்பாளையம் பக்கம் கடை என்றால் ரமலானில் இரவு 9 முதல் 11 வரை திறந்து வைப்பது எந்த இடைநிறுத்தத்தையும்விட நல்லது.

காசு வரும் வழி

ஜனவரியில் வருடக் கட்டணத்தை மொத்தமாக வாங்கி, அந்தக் காசில் புது இயந்திரம் வாங்குவதுதான் பல ஜிம்கள் ஆகஸ்டில் வாடகைக்குத் திண்டாடக் காரணம். வருடக் கட்டணம் 6,000 வாங்கினால் அந்த மாதத்து வருமானம் 500 மட்டுமே. மீதி 5,500 இன்னும் நீங்கள் வேலை செய்து தீர்க்க வேண்டிய கடன். அதைத் தனிக் கணக்கில் போட்டு மாதம் 500 வீதம் எடுங்கள்.

இதற்கு மாற்றாக வந்திருப்பது யு.பி.ஐ. ஆட்டோபே. 2020-இல் தொடங்கிய வசதி. உறுப்பினர் ஒருமுறை பின் போட்டு ஒப்புதல் கொடுத்தால், 15,000 ரூபாய் வரை ஒவ்வொரு மாதமும் பின் கேட்காமல் பிடித்துக்கொள்ளும். பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்பு அவருக்கு அறிவிப்புப் போகும், வேண்டாம் என்றால் அவரே தன் செயலியில் நிறுத்தலாம். இந்த அறிவிப்பைப் பார்த்து ஆள் ரத்து செய்துவிடுவாரே என்று சிலர் பயப்படுகிறார்கள். வந்துகொண்டிருப்பவர் ரத்து செய்ய மாட்டார். வராதவரிடம் மூன்று மாதம் சத்தமில்லாமல் பிடித்தால், அவர் அதை டீக்கடையில் நாலு பேரிடம் சொல்வார்.

பிடித்தம் தவறுவதற்கு முக்கால்வாசிக் காரணம் கணக்கில் பணம் இல்லாததுதான். எல்லாருக்கும் 1-ஆம் தேதி வைக்காதீர்கள். மாதச் சம்பளக்காரருக்கு 5 முதல் 7-க்குள், கடை முதலாளிக்கு அவர் சொல்லும் தேதி. வாரக் கூலி வாங்குகிறவரிடம் மாதக் கட்டணம் கேட்காமல், வாரக் கட்டணமாகச் சனிக்கிழமை சாயங்காலம் க்யூ.ஆர். அட்டையில் வாங்குவதே நடக்கிற காரியம். அந்த அட்டை உங்கள் சொந்தக் கணக்குக்கு இருக்கக் கூடாது. ஜிம் பெயரில் நடப்புக் கணக்கு தொடங்கி அதற்கு எடுங்கள். வீட்டுப் பால் காசும் ஜிம் கட்டணமும் கலந்தால் ஆடிட்டருக்கும் புரியாது, உங்களுக்கும் புரியாது.

ஜி.எஸ்.டி.யில் பெரிய மாற்றம் வந்திருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் ஜிம் கட்டணத்துக்கு வரி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் இயந்திரத்துக்கும் வாடகைக்கும் நீங்கள் கட்டிய வரியை இதில் கழித்துக்கொள்ள முடியாது. அதாவது டிரெட்மில் விலைப்பட்டியலில் 'ஜி.எஸ்.டி. தனி' என்று இருந்தால் அந்தத் தொகையும் உங்கள் அசல் செலவுதான். 'திரும்ப எடுத்துக்கலாம் சார்' என்று விற்பவர் சொன்னால் அது பழைய கதை. வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு கட்டாயம். 180 பேர், ஆளுக்கு மாதம் 1,000 என்றாலே வருடத்துக்கு 21.6 லட்சம். புரோட்டீன் டப்பா விற்ற காசும் இந்தக் கணக்கில் சேரும்.

வாசலில் விரல் வைக்கும் பெட்டி

கைரேகைக் கருவியைத்தான் எல்லாரும் முதலில் வாங்குகிறார்கள். வியர்த்த விரல், பிடிமானத்துக்குப் பூசும் சாக் பொடி ஒட்டிய விரல், கல்லுடைத்தும் பீடி சுற்றியும் பாத்திரம் தேய்த்தும் ரேகை தேய்ந்த விரல் என்று மூன்றிலும் அது திணறும். 'உன் கை சரியில்லை' என்று ஒரு பெட்டி தினமும் நாலு பேர் முன்னால் சொன்னால் யாருக்குமே கூச்சமாக இருக்கும். அட்டை காட்டும் கருவி சிக்கனம். முகம் காட்டும் கருவி வைப்பதானால், வெயில் நேராக விழாத சுவரில் வையுங்கள்.

கருவியோடு காந்தப் பூட்டு சேர்ந்தால், மின்சாரம் போனதும் தானாகத் திறந்துகொள்ளும் வகையா என்று பார்த்து வாங்குங்கள். உள்ளே இருப்பவர் வெளியே வரத் தனிப் பொத்தானும் வேண்டும். ரவுட்டருக்கு 12 வோல்ட் சின்ன யு.பி.எஸ். ஒன்று போட்டால் கரண்ட் போன நேரத்திலும் வருகை பதியும்.

கைரேகை, முகப்படம், எடை, சர்க்கரை அளவு எல்லாம் தனிநபர் தகவல். 2023-இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் விதிகள் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக அமலுக்கு வருகின்றன. இப்போதே பழக்கிக்கொள்ள வேண்டியது: என்ன தகவல், எதற்கு எடுக்கிறோம் என்று தமிழில் ஒரு தாள், அதில் கையெழுத்து. 18 வயதுக்குக் கீழே என்றால் அப்பாவோ அம்மாவோ நேரில் வந்து சம்மதிக்க வேண்டும். நின்றுபோனவர் கேட்டால் அழித்துவிட வேண்டும். 'முன் - பின்' படத்தை அனுமதி இல்லாமல் இன்ஸ்டாகிராமில் போடுவது, அதுவும் ஒருவர் சட்டையில்லாமல் நிற்கும் படத்தை, இந்தத் தொழிலின் கெட்ட பழக்கம்.

இயந்திரமும் இ.பி.யும்

வீட்டு இணைப்பில் ஜிம் ஓட்டாதீர்கள். வணிக இணைப்பு, மூன்று பேஸ். ஒவ்வொரு டிரெட்மில்லுக்கும் தனி வயர், தனி எம்.சி.பி. (கரண்ட் மிகுந்தால் தானாக அணையும் சுவிட்ச்), தனி சாக்கெட். எர்த்தை எலெக்ட்ரீஷியன் மீட்டர் வைத்து அளந்து காட்ட வேண்டும். எக்ஸ்டென்ஷன் பெட்டியில் இரண்டு டிரெட்மில்லை மாட்டினால் சாக்கெட் உருகும். அதற்கு முன்பே வோல்டேஜ் இறங்கிக் கன்ட்ரோல் போர்டு போயிருக்கும்.

சித்திரை, வைகாசியில் சாயங்காலம் ஆறு மணிக்கு ஊரே ஏ.சி. போடும் நேரம்தான் ஜிம்மிலும் கூட்டம். வோல்டேஜ் அப்போதுதான் இறங்கும். டிரெட்மில்லின் மோட்டார் 3 குதிரைத்திறன் என்றால் ஏறக்குறைய 2.2 கிலோவாட், ஓடுகிறவர் காலை ஊன்றும் ஒவ்வொரு முறையும் அதற்கு மேல் இழுக்கும். ஒரு டிரெட்மில்லுக்கு 5 கே.வி.ஏ. சர்வோ ஸ்டெபிலைசர் போடுங்கள். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டவே வேண்டாம்.

டிரெட்மில் கெட்டுப்போவதில் பெரும்பகுதி பெல்ட்டுக்கும் பலகைக்கும் இடையே எண்ணெய் வற்றுவதால் வருகிறது. எண்ணெய் வற்றினால் உரசல் கூடும், மோட்டார் அதிகக் கரண்ட் இழுக்கும், போர்டு சூடாகும், ஒரு நாள் திரை அணைந்துவிடும். விற்றவர் 'வோல்டேஜ் பிரச்சினை' என்று சொல்லி வாரண்டியைத் தட்டிக்கழிப்பார். இதைத் தவிர்க்க வாங்கிய முதல் நாளே, வயரைக் கவ்விக் கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டர் வைத்து, சுமார் 70 கிலோ எடையுள்ள ஒருவரை மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நடக்கவிட்டு, எத்தனை ஆம்பியர் என்று இயந்திரத்தின் மேலேயே எழுதி ஒட்டுங்கள். மாதம் ஒருமுறை அதே ஆள், அதே வேகம். மூன்றில் ஒரு பங்கு கூடியிருந்தால் எண்ணெய் போடும் நேரம் தாண்டிவிட்டது என்று பொருள். எண்ணெய் என்றால் சுத்தமான சிலிக்கான் எண்ணெய். தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய், துரு நீக்கும் ஸ்பிரே எதுவும் ஆகாது; அவை பெல்ட்டை உப்ப வைத்து, தூசியோடு சேர்ந்து பிசினாகிவிடும். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழி அடிக்கும் காற்றோடு வரும் புழுதி மோட்டார் மூடிக்குள் பஞ்சு மாதிரி படியும். அந்த இரண்டு மாதமும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மூடியைக் கழற்றிப் புளோயரால் ஊதுங்கள்.

பெல்ட் வலப்பக்கம் ஒதுங்கினால் பின்னால் இருக்கும் வலது போல்ட்டை வலஞ்சுழியாகக் கால் சுற்று. ஆள் ஏறாமல் 4 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள். தேவைப்பட்டால் இன்னும் கால் சுற்று. அவசரத்தில் முழுச் சுற்றுச் சுற்றுகிறவர் பெல்ட்டின் ஓரத்தைக் கிழித்துவிடுவார். நடுவில் கையை விட்டுத் தூக்கினால் ஐந்தாறு சென்டிமீட்டர் எழ வேண்டும். அதற்குக் குறைவாக இறுகியிருந்தால் பேரிங் போகும். டிரெட்மில்லுக்குப் பின்னால் 2 மீட்டர் வெற்றிடம் விடுங்கள். சுவரை ஒட்டிப் போட்டால், விழுகிற ஆள் சுவருக்கும் பெல்ட்டுக்கும் நடுவே மாட்டிக்கொள்வார்.

இவ்வளவு பாடும் எதற்கு என்று தோன்றினால், தோன்றுவது நியாயம்தான். இரண்டு டிரெட்மில் போதும். மீதிக்கு ஏர் பைக், காந்தத் தடை உள்ள ஸ்பின் சைக்கிள், ரோயிங் இயந்திரம் என்று கரண்டே வேண்டாதவற்றைப் போடுங்கள். பெரிய திரை பதித்த இயந்திரத்துக்கு ஆசைப்படாதீர்கள். மோட்டார் பத்து வருடம் ஓடும், திரையில் இருக்கும் மென்பொருள் நாலு வருடத்தில் கிழடாகிவிடும். திரை வைத்த சைக்கிளாலேயே 2020 ஊரடங்கில் கொடிகட்டிப் பறந்த அமெரிக்காவின் பெலோட்டான், 2022 பிப்ரவரியில் 2,800 வேலைகளைக் குறைத்தது. செல்போனோடு இணைய வேண்டும் என்றால் 'எஃப்.டி.எம்.எஸ். புளூடூத் உண்டா' என்று கேளுங்கள். அது பொது முறை, பல செயலிகளோடு பேசும். இல்லையென்றால் அந்தக் கம்பெனியின் செயலி ஒன்றோடுதான் வாழ வேண்டும்.

எடை தூக்கும் பகுதியில்தான் காசைக் கொட்ட வேண்டும், ஏனென்றால் அது கெடாது. 1,500 சதுர அடிக்கு ஸ்குவாட் ராக் இரண்டு, பெஞ்ச் நாலு, 20 கிலோ ராடு மூன்று, பெண்களுக்கும் புதியவர்களுக்கும் 15 கிலோ ராடு ஒன்று, கேபிள் இயந்திரம் ஒன்று, லாட் புல்டவுன் ஒன்று, லெக் பிரஸ் ஒன்று. டம்பெல்ஸ் 2.5 கிலோவிலிருந்து 30 வரை, இரண்டரை கிலோ ஏற்றத்தில் 12 ஜோடி. மொத்தம் 390 கிலோ வரும். ராடின் முனை 50 மில்லிமீட்டரா, பழைய 28 மில்லிமீட்டரா என்று முதலிலேயே முடிவு செய்து அதையே கடைசி வரை வாங்குங்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய ஜிம்மின் பிளேட்டுகளை வாங்கிக் கலந்தால், பெரிய ஓட்டை பிளேட்டு சின்ன ராடில் ஆடும், சின்ன ஓட்டை பெரிய ராடில் ஏறாது.

மாடியில் ஜிம் என்றால் முதலில் எஞ்சினியரைக் கூப்பிடுங்கள். வீட்டுக்கென்று போட்ட தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ தாங்கும் கணக்கில் கட்டப்படுகிறது. 390 கிலோ டம்பெல்ஸை ஒன்றரை சதுர மீட்டர் ராக்கில் அடுக்கினாலே சதுர மீட்டருக்கு 260 கிலோ. ராக்கின் எடையும் நிற்கும் ஆளும் தனி. தரைத்தளமே நல்லது. எடை விழும் இடத்தில் 20 மில்லிமீட்டர் ரப்பர் விரிப்பு, மற்ற இடத்தில் 8 போதும். கேபிள்களை வாரம் ஒருமுறை விரலால் தடவிப் பாருங்கள்; கப்பி வளையும் இடத்தில் மேலுறை வெடித்திருந்தாலோ ஒரு கம்பி இழை நீட்டிக்கொண்டிருந்தாலோ அன்றே கழற்றிவிடுங்கள். டேப் சுற்றி ஓட்டக் கூடாது.

வாட்சும் உடல் அளக்கும் இயந்திரமும்

கையில் வாட்ச் கட்டி வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். பயிற்சியாளருக்கு அதைப் படிக்கத் தெரிய வேண்டும், நம்பக் கூடாத இடமும் தெரிய வேண்டும். மணிக்கட்டில் ஒளியால் நாடி பார்க்கும் கருவி நடைக்கும் சைக்கிளுக்கும் பரவாயில்லை. ராடை இறுக்கிப் பிடிக்கும்போது, பட்டை தளர்ந்திருக்கும்போது, தவறாகக் காட்டும். நெஞ்சுப் பட்டை இதயத்தின் மின்துடிப்பையே பார்ப்பதால் நம்பலாம். ஜிம்மில் இரண்டு வாங்கி வைத்தால் போதும். 'எத்தனை கலோரி எரிந்தது' என்ற எண்ணை ஒரு நாளும் சாப்பாட்டுக் கணக்கோடு சேர்க்காதீர்கள். 400 எரித்தேன் என்று வாட்ச் சொன்னதை நம்பி இருட்டுக்கடை அல்வா வரிசையில் நிற்பவர்கள் உண்டு.

220-இலிருந்து வயதைக் கழிக்கும் சூத்திரம் வெறும் தோராயம். ரத்த அழுத்தத்துக்கு 'லால்' என்று முடியும் பெயருள்ள பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அது செல்லவே செல்லாது. நாடி ஏறவிடாமல் தடுப்பதுதான் அந்த மாத்திரையின் வேலை. அவர்களுக்குப் பேச்சுதான் அளவுகோல்: முழு வாக்கியம் பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது. செலவில்லாத கருவி.

உடம்பில் சிறு மின்னோட்டம் பாய்ச்சிக் கொழுப்பையும் தசையையும் பிரித்துக் காட்டும் இயந்திரம் உண்மையில் அளப்பது உடம்பின் தண்ணீரைத்தான். மீதியெல்லாம் கணக்கிட்டுச் சொல்வது. காலையில் வெறும் வயிற்றில் அளந்ததையும் மாலையில் இரண்டு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு அளந்ததையும் ஒப்பிட்டு 'கொழுப்பு கூடிவிட்டது' என்று ஒருவரை அழவைக்காதீர்கள். ஒரே நேரம், சாப்பிடுமுன், சிறுநீர் கழித்தபின், பயிற்சிக்கு முன். மாதம் ஒருமுறைக்கு மேல் வேண்டாம். பேஸ்மேக்கர் வைத்தவர், கர்ப்பிணி இதில் ஏறக் கூடாது என்று தமிழில் எழுதி ஒட்டுங்கள். இந்த இயந்திரம் வாங்குவது இரண்டாம் வருட வேலை. முதல் வருடம் இஞ்சு டேப்பே நன்றாக வேலை செய்யும்.

யார் வரப்போகிறார்கள்

இளவட்டக்கல் தூக்கிய சீமை இது. கர்லாக்கட்டையும் தண்டாலும் பஸ்கியும் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இருபது வயதுப் பையன்கள் தானாக வருவார்கள், தானாகவே நின்றுபோவார்கள். காவலர் தேர்வுக்கு வருகிற பையனுக்கு வேண்டியது 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடுவது. 400 மீட்டர் தடத்தில் மூன்றே முக்கால் சுற்று, சுற்றுக்கு 112 விநாடி. அதற்கு ஒரு ஸ்டாப் வாட்சும் மைதானமும் போதும். மூன்று மாதக் கட்டணமாக வாங்கி, தேர்வு முடிந்ததும் அவன் போவான் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நிலைத்து நிற்பவர்கள் வேறு. காலை 10.30 முதல் 12.30 வரை பெண்களுக்கு மட்டும், பெண் பயிற்சியாளரோடு. அந்த நேரம் எப்படியும் காலிதான். முக்கூடல், ஆலங்குளம் பக்கம் மணிக்கணக்கில் குனிந்து பீடி சுற்றுகிறவர்களுக்குக் கழுத்தும் தோளும் முன்னால் வளைந்திருக்கும். ரப்பர் பட்டையைப் பின்னால் இழுக்கும் பயிற்சி, இடுப்பு, தொடை என்று தொடங்குங்கள், டிரெட்மில்லில் அல்ல. கண்ணாடிச் சுவருக்குத் திரை போடுங்கள்.

ஐம்பதைத் தாண்டிய சர்க்கரைக்காரர்கள் அடுத்தவர்கள். சேரும்போது மாத்திரைப் பட்டியல் வாங்குங்கள். இன்சுலின் போடுகிறவரும் சில சர்க்கரை மாத்திரைகள் சாப்பிடுகிறவரும் பயிற்சியின்போது சர்க்கரை இறங்கி மயங்கலாம். கல்லாவில் குளுக்கோஸ் பொட்டலம் இருக்கட்டும். வியர்வை, கை நடுக்கம், பேச்சுக் குழறல் கண்டால் உட்கார வைத்துக் குளுக்கோஸ் கொடுங்கள். ரத்த அழுத்தம் 180/110-க்கு மேல் இருந்தால் அன்று பயிற்சி கிடையாது, மருத்துவரிடம் அனுப்புங்கள்.

எடை குறைக்கும் ஊசி இந்தப் பட்டியலில் புதிது. இந்தியாவில் 2025 மார்ச்சில் மவுஞ்சாரோவும் ஜூனில் வெகோவியும் வந்தன. பசி அடங்கி எடை இறங்கும்போது கொழுப்போடு தசையும் போகும். ஆகவே ஊசி ஜிம்மைக் காலி செய்யும் என்ற பயம் தலைகீழானது. அவர்களுக்குத்தான் எடைப் பயிற்சி தேவை. வாரம் இரண்டு நாள், உடம்பு முழுவதற்குமான ஆறு பயிற்சிகள், குமட்டல் இருக்கும் நாளில் பாதி. சாப்பாடு குறைவதால் புரோட்டீனும் குறையும்: முட்டை ஒன்றில் 6 கிராம், நூறு கிராம் மீனில் சுமார் 20. எவ்வளவு வேண்டும் என்பதை, சிறுநீரகத்தைப் பார்த்துவிட்டு, ஊசி எழுதிய மருத்துவர் சொல்லட்டும்.

புரோட்டீன் டப்பா விற்க உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் பதிவு வேண்டும். பில் இல்லாமல் பாதி விலைக்கு வரும் டப்பாவைத் தொடாதீர்கள். ஸ்டீராய்டு ஊசியை ஜிம்முக்குள் அண்டவிடாதீர்கள். பல ஜிம்களுக்கு ஒரே பாஸ் விற்கும் செயலிகளில் சேர்ந்தால் பகல் 11 முதல் 4 வரைக்கு மட்டும் இடம் கொடுங்கள். மாலைக் கூட்டத்தில் முழுக் கட்டணம் கட்டியவர் பெஞ்சுக்குக் காத்திருக்கக் கூடாது. 'ஏ.ஐ. டிரெயினர்' என்று கேமரா விற்க வருகிறவரிடம் மூன்று வருடம் கழித்து வரச் சொல்லலாம்.

ஆன்லைன் பயிற்சி என்றதும் பெரிய ஊர்களை நினைக்க வேண்டாம். கடையநல்லூர், மேலப்பாளையம், ஏர்வாடிக்காரர்கள் வளைகுடாவில் இருக்கிறார்கள். லீவில் வந்தபோது உங்களிடம் பயிற்சி எடுத்தவர்கள்தான் அங்கே உங்கள் வாடிக்கையாளர்கள். நம் இரவு 9.30 துபாயில் 8 மணி, ரியாத்தில் 7 மணி. அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்பு ஓடாது, ஆனால் பதிவு செய்த வீடியோ போகும். உண்மையில் அதுவே நேரலையைவிடத் தேவலை. போனை இடுப்பு உயரத்தில், பக்கவாட்டில், மூன்று மீட்டர் தள்ளி வைத்து, கடைசிச் செட்டை மட்டும் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். முன்னாலிருந்து எடுத்தால் முதுகு வளைவது தெரியாது. 24 மணி நேரத்துக்குள் குரல் பதிவில் பதில், ஒரு தடவைக்கு ஒரே ஒரு திருத்தம். அமீரகம், சவூதி, கத்தார், ஓமன் எண்களிலேயே, வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான என்.ஆர்.இ., என்.ஆர்.ஓ. வங்கிக் கணக்கோடு இணைத்து யு.பி.ஐ. வைத்துக்கொள்ள முடியும், ஆகவே கட்டணம் வாங்குவதில் சிக்கல் இல்லை. அவர் லீவில் ஊருக்கு வரும் மாதம் ஆன்லைன் கட்டணத்தையே ஜிம் கட்டணமாக வரவு வைத்து, கூட வரும் தம்பிக்கோ மச்சானுக்கோ ஒரு வாரம் இலவசமாகக் கொடுங்கள். 'யார் சொல்லி வந்தார்' என்ற கட்டத்தில் துபாய் அண்ணன் பெயரை மறக்காமல் எழுதிவையுங்கள்.